லஸ்ஹரும் தாயில்லாத கம்பைலரும்

கெர்கென்னாத் தீவுக்காரர்களுக்குப் பிடிவாதம் அதிகம் என்று துனீசியாவில் எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்குச் சாட்சி லஸ்ஹர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மாதக்கணக்கில் ஒரே வேலையோடு மல்லுக்கட்டினார். பக்கத்து மேஜைக்காரி நான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். அதற்கு மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரக் கம்பைலர் வேண்டும். ஊர் உலகமெல்லாம் அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. எங்களிடம் வாங்குகிற புண்ணியவான்களோ, அதில் யார் எதை ஒளித்து வைத்தார்களோ, கூடாது என்றுவிட்டார்கள். மென்பொருளைத் தயாரிக்கும், இணையமே இல்லாத எங்கள் பில்ட் மெஷினில், கம்பைலர் உட்பட எல்லாமே மூலநிரலிலிருந்து உருவாக வேண்டுமாம். அந்தக் கம்பைலரோ அதன் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டது. அதை உருவாக்க அதுவே வேண்டும்.

எங்கள் மேலாளர் ஸுஹைருக்கு இது மண்டையில் ஏறவேயில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி 'சி' என்று மரியாதை போட்டுத்தான் கேட்டார்: "ஏன் சி லஸ்ஹர், ஒரு புரோகிராமுக்கு இத்தன மாசமா?"

"தயிர் தோய்க்க உறை வேணுமில்ல? அந்த உறைக்கு முன்னாடி ஒரு தயிர் வேணுமில்ல? கடையில வாங்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தவர் நீங்கதானே," என்றார் லஸ்ஹர்.

உறையை அவரே தேடிப் பிடித்தார். வேறு மொழியில் எழுதிய பொடிக் கம்பைலர் ஒன்று. அதை வைத்து எங்களுக்கு வேண்டிய கம்பைலரின் மிகப் பழைய பதிப்பு, அதை வைத்து அடுத்தது என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் புதிய கம்பைலர் தன்னையே இன்னொரு முறை உருவாக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் தேறும். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை வாங்குகிறவர்களின் ஆட்கள் சோதிக்க வருவதாக இருந்தது. தேறாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், லஸ்ஹரின் வேலையும் போய்விடும்.

அதுவரை துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்தவர், அதற்கு முந்தின வாரம்தான் முழுசாக ஓடவிட்டார். நாலு நாளாகும். கோடைக்கால அரைநாள் வேலை, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் ஆபீஸ் காலி. எல்லோரும் போனதும் காவலாளி ஹஸ்ஸூனா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். யுபிஎஸ் பேட்டரி செத்து எத்தனையோ காலம்.

"கரண்ட் பில் ஏறுதுன்னு போன வருஷம் என்னத்தானே காய்ச்சி எடுத்தீங்க! உள்ள என்னமோ வெந்துகிட்டிருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று மறுநாள் காலையில் ஹஸ்ஸூனா எங்கள் மேலேயே பாய்ந்தார்.

லஸ்ஹர் மெயின் சுவிட்சின் மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினார். பாதியில் நின்ற கோப்புகளை நம்ப முடியாதென்று முதலிலிருந்து தொடங்கினார். அது முடிவது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் தீவில் அவருடைய ஒரே மகள் எம்னாவுக்குக் கல்யாணம்.

"நான் உக்காந்துக்கறேன், நீங்க கப்பலப் புடிங்க," என்றேன்.

"ஏதாவது ஆச்சுன்னா, ஹாயத்?"

"ஆனா மட்டும் நீங்க இங்க இருந்து என்ன கிழிக்கப்போறீங்க? அது பாட்டுக்கு ஓடும். பொண்ணு கல்யாணத்துல அப்பனக் காணோம்னா சம்பந்தி வீட்டுல நாறடிச்சிடுவாங்க. கிளம்புங்க சாமி!"

போனார். போகும்போதுகூட அறை வாசலில் நின்று திரையைத் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை நான் மட்டும் அந்த மெஷின் முன்னால். சாயங்காலம் கடைசிப் படியும் முடிந்தது. திரையில் ஒரே வரி: இரண்டும் பொருந்தவில்லை. எங்கே, ஏன், ஒரு சொல் கிடையாது. திரும்பத் திரும்பப் படித்தேன். அடப்பாவி மெஷினே! முதலிலிருந்து தொடங்க நாள் எங்கே இருக்கிறது? செய்வதற்கு ஒன்றுமேயில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே லஸ்ஹரின் குரல். "ஹாயத்! என்னம்மா?"

"சி லஸ்ஹர்..." என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லாதம்மா," என்றார். "நாளைக்குச் சொல்லு. எம்னா கூப்பிடறா, நான் ஆடணும்."

போனை அணைக்க மறந்துவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். "அப்பா, வாங்கப்பா!" என்று எம்னா கத்துவது கேட்டது. அவர் பலமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது.