கோயிலில் வாசிக்காத கிட்டார்

எனக்குக் கிட்டார் சரியாக வாசிக்க வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன் நான்.

சாத்தாங்காட்டில் எங்களுக்கு இரும்புக் கடை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. இப்போது அண்ணனும் நானும் பார்த்துக்கொள்கிறோம். எடைமேடையில் லாரி ஏறி இறங்கும்வரை சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய ஜாஸ் கேட்கப் பழகினேன். அதில் வரும் கிட்டார் நம் மெல்லிசைக் குழுக்களில் கேட்பதுபோல் கணீரென்று இருக்காது. அடங்கிய குரலில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும்.

அதற்கு ஆர்ச்டாப் என்று பெயராம். மேல்பலகை தட்டையாக இல்லாமல் வயலினைப் போல மேடாக வளைந்திருக்கும். நடுவில் வட்ட ஓட்டை கிடையாது. இரண்டு பக்கமும் வயலினுக்கு இருப்பது போன்ற நெளிந்த துளைகள். புதிதாக வாங்கலாம். எனக்குப் பழையதுதான் வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் துறைமுகத்தில் வந்து போன கப்பல்காரர்கள் விட்டுச் சென்றது ஒன்றாவது இந்தப் பக்கத்தில் இருக்காதா என்று மூன்று வருடம் தேடினேன். கத்திவாக்கத்தில் ஒருவர் இருக்கிறது என்று சத்தியம் செய்தார். போய்ப் பார்த்தால் கம்பியில்லாத மாண்டலின்.

கடைசியில் ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர்தான் சொன்னார்.

"கல்மண்டபத்தாண்ட ஒரு அக்கா கீது மாமு. துணி தைக்கும். அது வூட்டுக்காரரு கிட்டாரு நீ சொல்ற மாதிரிதான் கீது. ஆனா யாருக்கும் குடுக்காது. ரெண்டு பேரு கேட்டுட்டாங்க, தொரத்திவுட்டுச்சு."

ஒரு மழை நாளில் போனேன். முன்னறை முழுக்கப் பள்ளிச் சீருடைத் துணி. அக்காவுக்கு அறுபதை ஒட்டிய வயது. கணவர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, நான்கு வருடங்களுக்கு முன்னால் இறந்துபோனவர். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே பேசினார்.

"உனுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான். ஓட்டல்ல மாட்டி வெக்கணுமாம், அழகுக்கு. செவுத்துக்குக் குடுக்கவா அவுரு அத்த அப்படிப் பாத்துக்கினாரு? நீ இன்னாத்துக்குக் கேக்கற?"

"வாசிக்கத்தான்க்கா."

மிஷின் நின்றது. "கோயில்ல வாசிப்பியா?"

அவர் கோயில் என்றது மாதா கோயிலை. சுவரில் மாதா சுரூபமும் அதன்முன் எரிந்த சின்ன விளக்கும் எனக்குத் தெரியாமல் இல்லை. நெற்றியில் நான் எப்போதும் வைக்கும் திருநீறு அன்றைக்கு மழையில் கரைந்துபோயிருந்தது. "ஆமாக்கா" என்றேன்.

"எந்தக் கோயிலு?"

"திருவொத்தியூர்ல. சின்னக் கோயில்தான். பாட்டுக் குழுவில இருக்கேன்."

யாரும் என் வாயிலிருந்து பிடுங்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அவர் உள்ளே போய், பழைய மழைக்கோட்டை வெட்டித் தைத்த உறையோடு அதை எடுத்துவந்தார். உறையை நீக்கினார். தேன் நிறம். ஓரங்களில் வார்னிஷ் வெடித்திருந்தது. ஏதோ ஒரு ஜெர்மன் கப்பலில் வேலை பார்த்தவர் கொடுத்துவிட்டுப் போனதாம். கிறிஸ்துமஸ் பூசையில் அவர் கணவர் இருபது வருடத்துக்குமேல் வாசித்திருக்கிறார். விலையைப் பற்றி நான் வாயெடுத்தபோது கையை ஆட்டித் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம். கோயில்ல சத்தம் கேக்கணும், அவ்ளோதான். கிறிஸ்மஸ் பூசைக்கு நான் வந்து கேப்பேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாகத் துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். பத்து நாள் உட்கார்ந்தேன். விரல் நுனிகள் எரிந்தன. ஹெட்போனில் கேட்ட அந்தக் குரல் என் கைக்கு வரவில்லை. பிறகு கடையில் வேலை கூடியது. கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

டிசம்பரில் அக்கா இரண்டு முறை போன் செய்தார். "எத்தினி மணி பூசை தம்பி?" இன்னும் முடிவாகவில்லை என்றேன். இரண்டாவது முறை, பாட்டு ஒத்திகை நடக்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்றேன். அப்புறம் சொல்லவில்லை. அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் பஸ் சத்தம்.

"தம்பி, நான் திருவொத்தியூர் வந்துகீறேன். பூசை முடிஞ்சிருச்சு. பாடற புள்ளைங்களக் கேட்டேன். அந்த மாரி கிட்டாரு இங்க யாரும் வாசிக்கறதில்லன்றாங்க. நான்தான் கோயிலு மாறி வந்துட்டேன் போல கீது."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாக்கா, மாறிட்டீங்க. எங்க கோயில் இன்னும் தள்ளி."

"எர்ணாவூர் பக்கமா?"

"ஆமா."

"சரி வுடு. என் மேலதான் தப்பு, ஒயுங்காக் கேட்டுக்கினு வந்திருக்கணும். நீ நல்லா வாசிச்சியா?"

"வாசிச்சேன்க்கா."

"அது போதும்."

போனை வைத்தபோது என் மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நானும் மறைக்கவில்லை, முழுவதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "முட்டி வலியோட அந்தம்மா எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். அக்காவுக்கு முட்டி வலி என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் மிஷின் மிதித்தவருக்கு முட்டி வலிக்காமல் இருக்குமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழியும்வரை தள்ளிப்போட்டேன். பிறகு அதே உறையில் கிட்டாரைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தார். "வா வா" என்று முகம் மலர்ந்து துணிகளை ஒதுக்கி உட்கார இடம் செய்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நான் எந்தப் பாட்டுக் குழுவிலும் இல்லை, நான் கிறிஸ்தவனே இல்லை, எர்ணாவூரில் எனக்குக் கோயிலும் இல்லை ஒன்றும் இல்லை, கிட்டார் சுவரில்தான் தொங்கியது.

அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ எந்தச் சாமி கும்புட்டா எனக்கு இன்னா? அத்தயா நான் கேட்டேன்?"

அவர் உறையைத் திறந்து கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். மேல்பலகையைத் தடவிய கை கம்பிகளுக்கு வந்ததும் நின்றது.

"இது புதுசா கீதே. பழைய கம்பி எங்க?"

"துருப்பிடிச்சிருந்துதுக்கா. மாத்திட்டேன்."

"மாத்தினது சரி. அது எங்க?"

கடையில் பழைய இரும்புக் குவியலில் போட்டிருந்தேன். அது எப்போதோ லாரி ஏறிவிட்டது. அதையும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு உக்காந்து மாட்டினாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கிட்டாரை உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கினு போ."

"திருப்பிக் குடுக்கத்தான்க்கா வந்தேன்."

"எனக்கு வேணாம். இனிமே இத்தப் பாத்தா அவுரு ஞாபகம் வராது. அன்னிக்கு அந்தப் புள்ளைங்களாண்ட போயி நின்னேன் பாரு, அதுதான் வரும். எடுத்துக்கினு போயிடு நைனா."

மிஷின் ஓடத் தொடங்கியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கிட்டார் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூரில் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொள்கிறேன். முன்னைக்கு இப்போது பரவாயில்லை. வாசிக்கும்போது நன்றாக வந்துவிட்டால் அதுவும் கஷ்டமாக இருக்கிறது, வராவிட்டாலும் கஷ்டமாக இருக்கிறது.

துறைமுகத்துக்குச் சரக்கு விஷயமாகப் போக வேண்டியிருந்தால் கல்மண்டபம் வழியாகப் போவதில்லை. சுற்றித்தான் போகிறேன். போன மாதம் ஒருநாள் அவசரத்தில் அந்த வழியே போய்விட்டேன். சிக்னலில் அக்கா சாலையைக் கடந்தார். கையில் துணி மூட்டை. இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். என் பைக்குக்கு ஐந்தடி முன்னால்தான் போனார். ஹெல்மெட்டின் கண்ணாடியை நான் இறக்கிவிட்டுக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் சேர்வதற்குள் பச்சை விழுந்தது. பின்னாலிருந்த கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.