கடைவாய்ப் பல்லின் சொரசொரப்பு

என் வீட்டுக்காரருக்கு நகம்தான் மீட்டர். ஓசூரில் ஒரு கம்பெனியில் கிரைண்டிங் செக்‌ஷனில் இருந்தார். தேய்த்து முடித்த இரும்புத் துண்டின் மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுப்பார். தடுக்கினால் பீஸ் திரும்பப் போகும். தடுக்காவிட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. வீட்டிலும் குக்கர் மூடி, பாத்ரூம் டைல்ஸ், என் வளையல் என்று எதையும் விடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

வாயும் சும்மா இருக்காது. என்னிடம் தமிழ், அவர் அம்மாவிடம் தெலுங்கு, பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கன்னடம். மூன்றிலும் கிண்டல்தான்.

அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தையை அடைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. புதிதில் வழவழவென்று இருந்த அடைப்பு பிறகு சொரசொரத்துப் போனது. நாக்கு ஓயாமல் அங்கேயே போய் உரசியது. நாக்கின் ஓரத்தில் புண் வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டலாங்க" என்றேன்.

"பல்லுல ஃபினிஷிங் போயிருச்சு, அவ்ளோதாம்மே. எனக்குத் தெரியாத ஃபினிஷிங்கா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த, இரும்பு தேய்க்கிற நைஸ் எமரி பேப்பரை விரலில் சுற்றி, பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

"உங்க வாயி என்ன, ஷிப்ட்டுல வந்த பீஸா?"

"கம்முனு இரும்மே."

கொப்பளித்துவிட்டு நகத்தை இழுத்துப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கினார்.

சில நாள் சரியாக இருந்தது. மறுபடி சொரசொரப்பு, முன்னைவிட அதிகமாக. மறுபடி எமரி. பல் சரியானால் புண் தானாக ஆறும் என்பதே பேச்சு. கெஞ்சினேன், சண்டை போட்டேன், அடுப்புப் பற்ற வைக்காமல்கூடக் கிடந்தேன். எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் வலித்த பிறகுதான் கிளம்பினார்.

பல் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அடைப்பு என்பது ஒரு பசையும் அதற்குள் கண்ணாடித் துகள் மாதிரிப் பொடியும். மெல்ல மெல்லப் பசை முதலில் தேயும், துகள் மேலே துருத்தும். அப்புறம் துகளும் உதிர்ந்து குழி விழும். எமரி போட்டுத் தேய்த்தால் இன்னும்தான் கீறும்.

"எங்க கிரைண்டிங் வீலும் இப்படித்தான் தேயும் மேடம்" என்று சிரித்தார் இவர்.

டாக்டரம்மா துணியால் நாக்கைப் பிடித்துத் தூக்கிப் புண்ணைப் பார்த்தார். அதன் பிறகு பல்லைப் பற்றி அவர் பேசவே இல்லை. பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே புற்று என்றார்கள்.

பல்தான் காரணமா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆறாத புண்ணை முன்னாலேயே காட்டியிருக்க வேண்டுமாம். யாரிடம் போய்ச் சொல்கிறார்கள்? வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். மூன்று பாஷையும் அதோடு போனது. ரேடியேஷனுக்கு முன்னால் பல்லையெல்லாம் சரிசெய்துவிட வேண்டும் என்றதால் அதே டாக்டரம்மாவிடம் வந்தோம். பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து, நேரம் எடுத்துப் பாலிஷ் போட்டார். முடித்ததும், எல்லோரிடமும் சொல்கிற பழக்கத்தில், "நாக்கால தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட உடனே டாக்டரம்மா முகம் செத்துப்போனது. இவருக்கு மிச்சமிருக்கும் நாக்கு அந்தப் பல்லுக்கு எட்டாது.

இவர் ஒன்றும் நினைக்கவில்லை. வாய்க்குள் கட்டைவிரலை விட்டு, நகத்தைப் பல்லின் மேல் மெல்ல இழுத்தார். என்னைப் பார்த்து, அந்த ஈர விரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை, வாய்விட்டு அழுதேன். நான் அழுதால் "கம்முனு இரும்மே" என்று அதட்டுவார். அழுதுகொண்டே அதற்காகக் காத்திருந்தேன். இவர் தூக்கிய விரலை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.