முருகையா காட்டிய சூடம்

பர்மாவின் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் எஞ்சின் மக்கர் பண்ணினால் படகுக்காரர்கள் முதலில் தேடுவது முருகையாவைத்தான். துறைக்கும் சந்தைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. மேலே பலகைத் தளம் போட்டு வீடு. த்வாண்டேயிலிருந்து பானை ஏற்றி வருகிற படகும், அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற படகும் அவர் வாசலில்தான் வந்து முனகி நிற்கும். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு, கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்வார். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இல்லாத நாளில் எஞ்சின் பொய் சொல்லிவிட்டது என்பார்.

வயது ஐம்பத்தொன்பது. அரசாங்க அட்டையில் அவர் பெயர் ஊ மியிண்ட் ஸோ. கோயிலில் முருகையா. துறையில் ஸயா. வாத்தியாருக்கும் டாக்டருக்கும் மேஸ்திரிக்கும் பர்மியர் வைத்திருக்கிற ஒரே மரியாதைச் சொல் அது. மனைவி பூர்ணாவுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். தமிழ் எல்லாம் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ் வரும் என்பதால், வீட்டில் தமிழ் கேட்டாலே முருகையா கொஞ்சம் ஜாக்கிரதையாகிவிடுவார்.

ஒரே மகன் பாலசந்தர். ஒன்பது வருடமாக அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில் இருக்கிறான். அங்கே பர்மாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறியிருக்கிறார்கள். கிடங்கு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், போன வருடம் சொந்தமாகக் கடை போட்டான். தேயிலை ஊறுகாய், மீன் சாஸ், முகத்தில் அரைத்துப் பூசுகிற தனகாக் கட்டை, நம்மூர் மசாலா எல்லாம் கிடைக்கும். மருமகள் ரேவதிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. பேத்தி ஆண்டாளுக்கு ஆறு வயது.

மகன் அமெரிக்காவுக்குப் போனதிலிருந்தே அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு முருகையா பட்டறையில் ஸ்பேனர், சுத்தியல், வைஸ், லேத் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைப்பார். அதே நேரம் மகன் அங்கே தன் சாமான்களை வரிசையாக வைத்துக்கொண்டு போனில் வருவான். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணி, கடை சாத்துகிற நேரம். முருகையா தன் கருவிகளுக்குச் சூடம் காட்டிவிட்டு, தட்டைப் போனுக்கு நேராக மூன்று முறை சுற்றுவார். அங்கே இருக்கிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கடல் தாண்டிச் சூடம் போகுமா என்று யாரோ கேட்டதற்கு, பணம் வருகிறதே என்று பூர்ணா சொன்னாள்.

இந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. கரண்ட் போயிருந்தது. அரசாங்கத் தடையைத் தாண்ட வி.பி.என். போட்டுத்தான் போனே பேச முடியும், அதிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மகன் காமிராவை மெதுவாக நகர்த்திக் காட்டினான். பில் போடுகிற மெஷின், தராசு, அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தி, ரேவதியின் தையல் கத்தரி. ஓரத்தில், மஞ்சள் துணியின் மேல் கறுப்பாக, பிடி வைத்த ஒரு சாமான். அதற்கும் சந்தனப் பொட்டு இருந்தது. டப்பாக்களில் டிக்டிக்கென்று விலைச் சீட்டு ஒட்டுகிற மெஷின் என்று முருகையா நினைத்தார். போன மாதம்தான் மகன் அதை வாங்கியதாகச் சொல்லியிருந்தான். நல்லா வியாபாரம் ஆகட்டும் என்று மூன்று சுற்றுக்கு நான்காகவே சுற்றினார். ரேவதி படத்தில் இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்கிறாள் என்றான் மகன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ரேவதி தனியாகக் கூப்பிட்டாள். அங்கே காலை. காரில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு அழுதிருக்கிறாள் என்று முருகையா யோசிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"மாமா, அந்தத் துப்பாக்கிக்கு நீங்க சூடம் காட்டலாமா?"

எந்தத் துப்பாக்கி என்று கேட்டார். அவள் சொன்னாள். முருகையா போனைப் பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை.

மூன்று மாதமாக வீட்டில் இதே சண்டை என்றாள் ரேவதி. அவர்கள் கடை இருக்கிற சாலையில் இரண்டு கடைகளில் கொள்ளை போய்விட்டது. போலீஸ் வர பன்னிரண்டு நிமிடம் ஆகிறது, அந்தப் பன்னிரண்டு நிமிடம் நான் என்ன செய்ய என்பது பாலாவின் கேள்வி. துப்பாக்கிக் கடைக்குப் போனான், அடையாள அட்டையைக் காட்டினான், கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள், அரைமணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி தலைமாட்டு மேஜை இழுப்பறையில் வைக்கிறான். ரேவதியோடு வேலை செய்கிற ஒருத்தியின் மகன், பத்தொன்பது வயது, அப்பாவின் துப்பாக்கியை எடுத்துத் தன்னையே சுட்டுக்கொண்டான். அந்த வீட்டுக்குத் திருடன் வந்ததே இல்லை. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் என்று, ஆண்டாளுக்குப் பள்ளியில் விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்காரப் பழக்குகிறார்கள். ஒருநாள் வீட்டிலும் அலமாரிக்குள் அப்படி உட்கார்ந்திருந்தாள், விளையாட்டு என்றாள்.

"இத்தனை நாள் சொல்லிச் சொல்லி, வேற இடத்துல வைக்கலாம்னு இறங்கி வந்தார் மாமா. நேத்தோட போச்சு. அப்பாவே சூடம் காட்டியாச்சு, இனிமே அதுவும் தொழில் சாமான், வாயைத் திறக்காதேங்கறார். அது வீட்டுல இருந்தா நானும் பிள்ளையும் இருக்க மாட்டோம். சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன்."

அன்றைக்கு வியாழன்.

முருகையா பட்டறையைச் சாத்திவிட்டு ஜுல்ஃபிகரைத் தேடிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார். ஜுல்ஃபிகருக்கு மூன்று படகு உண்டு, உலக விஷயம் எல்லாவற்றிலும் ஒரு கருத்தும் உண்டு. நடந்ததைக் கேட்டதும் சிரித்தார். இங்கே வீட்டில் ஒரு விருந்தாளி படுத்தால்கூட வார்டு ஆபீஸில் பெயர் எழுதணும், அங்கே தலைமாட்டில் துப்பாக்கி படுத்திருக்கு, கேள்வி இல்லையா என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். ஜனங்கள் கையில் துப்பாக்கி இருப்பது அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்த உரிமையாம், அரசாங்கம் மிதித்தால் ஜனங்கள் எழுந்து நிற்கணும் என்றுதான் அந்தக் காலத்திலேயே எழுதினார்களாம். நல்லதுதானே ஸயா, ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நம்ம கையில் என்ன இருந்தது, தட்டிச் சத்தம் போடச் சட்டியும் கரண்டியும்தானே என்றார். அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கவே, ஜுல்ஃபிகர் குரலை இறக்கி, ஆனால் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாகிறதையும் பார்க்கிறோம், உங்கள் மருமகள் சொல்வதும் சரி என்று முடித்தார்.

"பாய், ரெண்டும் சரின்னா நான் எதுக்கு உங்ககிட்ட வந்தேன்?" என்றார் முருகையா.

"டீக்குக் காசு குடுக்க."

நடந்து திரும்பும்போது அவர் நினைத்தது ஜுல்ஃபிகர் சொன்னதை அல்ல. இரண்டாயிரத்து இருபத்தொன்று, மார்ச் மாதம், ஒரு மத்தியானம். தெருவில் சுடுகிற சத்தம் கேட்டு அவரும் பூர்ணாவும் லேத்துக்குப் பின்னால் குப்புறப் படுத்தார்கள். ஒரு குண்டு தகரத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. யார் சுட்டது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்குத் தன் கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று அவரும் நினைத்தார். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த மாதம் இரண்டு வாலிபர்கள் ஓர் இரும்புக் குழாயோடு வந்து, இதை லேத்தில் கடைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். எதற்கென்று அவர்கள் சொல்லவில்லை. அவருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லேத் பழுது என்றார். அந்த நேரம் லேத் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அதைப் பார்த்தார்கள், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு அவர்களைத் துறைப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. இதைப் பூர்ணாவிடம்கூடச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து ரேவதி சொன்னதைப் பூர்ணாவிடம் சொன்னார். அவள் தமிழில் ஆரம்பித்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பூஜை பண்ணத் தெரியாதா என்பது முதல் வரி.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை ஆயுத பூஜையன்று தொடக் கூடாது. மறுநாள் எடுத்து, ஒவ்வொன்றாலும் ஒரு சின்ன வேலையாவது செய்து முடிக்க வேண்டும். அப்போதுதான் அந்த வருடத்துக்கு அது தொழிலுக்கு வந்ததாகக் கணக்கு. வழக்கம்போல ஏழரை மணிக்கு மகன் கடையிலிருந்து போனில் வந்தான். முருகையா ஸ்பேனரால் ஒரு நட்டைத் திருகினார். மகன் ஒரு அட்டைப்பெட்டியை அறுத்தான், ஒரு கிலோ பருப்பு நிறுத்தான், ஒரு பில் போட்டான்.

"அந்தக் கறுப்புச் சாமானை எடு தம்பி," என்றார் முருகையா. "அதுல ஒரு வேலை செஞ்சு காட்டு."

பாலசந்தருக்கு விளங்கிவிட்டது. ரேவதி பேசினாளா என்றான். பேசினாள் என்றார். அவன் தராசிலிருந்த பருப்பைப் பைக்குள் கொட்டினான்.

"அதுக்கு வேலையே வரக் கூடாதுன்னுதான்பா வாங்கினேன்."

முருகையா இதை எதிர்பார்க்கவில்லை. ஆபத்துக்கென்று படகில் கட்டித் தொங்குகிற ரப்பர் மிதவை மாதிரிதான் இதுவும் என்று அவருக்கே பட்டது. வருடக்கணக்காக வேலை இல்லாமல் தொங்கினாலும் அது படகுச் சாமான் இல்லை என்று யார் சொல்வார். நல்ல பதில்தான். மடக்கிவிடலாம் என்று நினைத்து வந்தவர் அந்த எண்ணத்தை விட்டார். உள்ளதைச் சொன்னார். விலை ஒட்டுகிற மெஷின் என்று நினைத்துத்தான் சூடம் காட்டினேன், துப்பாக்கி என்று தெரிந்திருந்தால் காட்டியிருக்க மாட்டேன், அதனால் அந்தச் சூடம் செல்லாது என்றார்.

மகன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"அன்னிக்கு நீங்க லேத்துக்குப் பின்னாடி படுத்திருந்தப்போ போன் ஆன்லயே இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாது. வெடிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அம்மா மூச்சு விடற சத்தம். நாப்பது நிமிஷம் நான் இங்க நின்னு கேட்டேன். என் பொண்டாட்டி பிள்ளை அந்த மாதிரி படுக்கக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன். இதுல என்னப்பா தப்பு?"

பூர்ணா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். முருகையா லேத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அந்த இரண்டு வாலிபர்கள் வந்த கதையைச் சொன்னார். குழாய், ஓடிக்கொண்டிருந்த லேத், பழுது என்று சொன்ன பொய், எதையும் விடாமல் சொன்னார். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பூர்ணாவும் அதைக் கேட்டாள்.

"நான் அன்னிக்குச் செஞ்சது சரியா தப்பான்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியலை," என்றார். "உன் துப்பாக்கி சரியா தப்பான்னும் தெரியலை. உன் ஊர்க்காரங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்களாம், நான் எங்க தீர்ப்பு சொல்றது? ஆனா ரேவதி வாயை அடைக்க என் சூடத்தை எடுக்காதே. காட்டினது நான் தெரியாம பண்ணின தப்பு. திருப்பிக் குடு. அவகிட்டப் பேசி ஜெயிக்க முடிஞ்சா ஜெயிச்சுக்கோ."

அப்பா குடுத்ததைத் திருப்பிக் கேட்பாராக்கும் என்றான் மகன். குரலில் கேலி இல்லை, கோபம்தான் இருந்தது. பூர்ணா குனிந்து போனைப் பார்த்து, தமிழில், ஆமாண்டா கேட்பார் என்றாள். படம் அணைந்துவிட்டது. நெட் போனதா, அவன் வைத்தானா என்று தெரியவில்லை. இருவரும் நெட் என்று வைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை முழுவதும் செய்தி இல்லை. ஞாயிறு காலை ரேவதியிடமிருந்து குரல் செய்தி வந்தது. அக்கா வீட்டுக்குப் புறப்பட்டு, பெட்டியைக் காரில் வைத்த பிறகும் வாசலில் நின்று இரண்டு பேரும் பேசினார்களாம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாராம். அவர் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறது, அது வேறு விஷயம். கடைசியில், துப்பாக்கி வீட்டை விட்டுக் கடைக்குப் போய்விட்டது. தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. குண்டு வேறு இடத்தில். பெட்டிச் சாவி பாலாவிடம், குண்டுச் சாவி ரேவதியிடம். அப்படியென்றால் திருடன் வந்தால் நான் உனக்குப் போன் போட்டுச் சாவி கேட்கணுமா என்று அவன் கத்தினானாம். அதில் நியாயம் இருக்கிறது என்று ரேவதியே ஒத்துக்கொண்டாள். அவளுக்குத் திருப்தி இல்லை, அவனுக்கும் இல்லை. தைப்பூசத்துக்கு மறுபடி பேசுவதாக வைத்திருக்கிறார்கள். பிள்ளையும் தானும் வீட்டிலேயேதான் இருக்கிறோம் என்று முடித்தாள்.

முருகையா அதை இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை பூர்ணா போனைப் பிடுங்கித் தான் கேட்டாள்.

சாயங்காலம் பாலசந்தர் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் கதை, துறைக் கதை என்று அப்பாவோடு முக்கால் மணி நேரம் பேசுகிறவன், அன்றைக்கு அம்மாவோடுதான் பேசினான். பூர்ணா வலுக்கட்டாயமாகப் போனை இவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றான்.

சாப்பிட்டேன் என்றார் முருகையா. நீ என்று கேட்டார். ஆச்சு என்றான். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பின்னால் ரேவதி எதற்கோ பாலாவை அதட்டுகிற குரல் கேட்டது. உரக்கத்தான் கேட்டது. முருகையா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.