ஒருவரும் திறக்காத கமரா

அந்தக் கமராவை மூன்று பொலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியிருந்தார்கள். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஸ்ரூடியோவின் மேசையில், முன்பின் தெரியாத ஓர் அக்கா அதை வைத்தபோது, மீன் வாடை எனக்கு முதலில் வந்தது. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து அவர் கரைக்குத் திரும்பி ஒரு மாதம்தான். கடற்கரை மீன்வாடியில் வலையிலிருந்து நண்டு கழற்றும் வேலை செய்துகொண்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். முருங்கனில் நெல்மூட்டை சுமந்து, தாழ்வுபாட்டில் கருவாடு காயவைத்து, கடைசியில் அந்த ஸ்ரூடியோவில் ஒட்டிக்கொண்டேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற காலம். வெளிச்சம் குறைந்தால் துவாரத்தைப் பெரிதாக்கு, ஆள் அசைந்தால் நேரத்தைக் குறை என்று முதலாளி சொல்லித்தந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "கமராவைத் துறக்க முதல் சுருட்டுற பிடியைத் திருப்பிப் பார். இறுக்கமெண்டால் உள்ளுக்குப் பிலிம் கிடக்கு. விளங்கிச்சோ, எட்டாம் வகுப்பு எஞ்சினியர்?"

"ஓம்" என்றேன். விளங்கித்தான் இருந்தது.

ஆனால் அந்த வருடங்களில் எங்கள் கைகளுக்கு வேறொரு பழக்கம் இருந்தது. ரேடியோவோ, ரோர்ச்சோ, பால்மாத் தகரப் பேணியோ, எதையும் ஆமியின் சோதனைச் சாவடியில் கேட்க முதலே திறந்து காட்டிவிடுவோம். மூடிக்கிடக்கும் பொருள்தான் ஆளை மாட்டிவிடும். அக்கா வாய் திறக்க முன்னம் நான் குமிழை இழுத்துவிட்டேன். கமராவின் முதுகு படக்கென்று திறந்தது. பகல் வெளிச்சத்தில் பிலிம் பளபளத்தது. அடித்து மூடினேன்.

"மகன்ர படம் அதுக்குள்ள கிடக்கு, தம்பி."

கடைசிச் சண்டையில் காணாமற்போன மகன். வேறு படம் ஒன்றும் மிஞ்சவில்லை. காணாமற்போனவர் என்று பதிவு செய்யப் படம் கேட்கிறார்கள் என்பதால் கொண்டுவந்திருக்கிறார்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. கமராவை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். முதலில் எடுத்த படங்கள் சுருளின் உள்ளே இருக்கும், கடைசியாக எடுத்தவை வெளியே. வெளிச்சம் வெளிச்சுற்றைத்தான் தின்னும். கழுவி எடுத்தபோது கடைசிப் பகுதி கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. ஐந்து படங்கள் தப்பியிருந்தன. கோயில் திருநாள், கொடிமரம், ஒன்றில் புதுச்சேலையோடு அக்கா சிரித்தபடி.

"இதெல்லாம் அவன் எடுத்தது" என்றார். "அவனை நான் கடைசியாத்தான் எடுத்தனான்." பிறகு மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார்: "எத்தினை இடத்தில ஆமிக்காரர் மறிச்சவை. பிலிம் பழுதாகிடும், துறக்காதேங்கோ எண்டு கும்பிட்டனான். ஒருத்தரும் துறக்கேல்லை."

அதன்பிறகு நான் அந்த ஸ்ரூடியோவில் நிலைக்கவில்லை. ஊர் ஊராக மாறிவிட்டேன். இப்போது எல்லோருடைய கைபேசியிலும் ஆயிரம் முகங்கள். யாராவது தங்கள் பிள்ளையின் படத்தைக் காட்ட நீட்டினால் நான் கையில் வாங்குவதில்லை. எட்டிப் பார்ப்பதோடு சரி.

படம் கழுவிய அன்று, அக்காவோடு மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு நானும் போனேன். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்த எழுதுவினைஞர் படம் ஒட்டும் வெற்றுக் கட்டத்தைக் காட்டினார்.

"பிள்ளையின்ர படம் எங்கை, அம்மா?"

"பழுதாப் போச்சு, ஐயா."

"எப்பிடி?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மழைத்தண்ணி பட்டிட்டுது" என்றார்.