வாழைக்கறை பட்ட பக்கங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பழுப்பு நிறக் கட்டைவிரல் ரேகைகள். வாழைக்கறை, எந்த சோப்புக்கும் போகாது. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வாழை இலை விற்ற அக்கா வைத்த ரேகைகள் அவை.

தெருவில் கடை போடும் பெண்கள் காய்ச்சல் நாட்களை எப்படித் தள்ளுகிறார்கள் என்பது என் ஆய்வு. பேட்டி எடுத்துப் போய் நானே எழுதுவதாகத்தான் இருந்தேன். முதல் பக்கத்தைப் படித்துக் காட்டியதுமே கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரரான அக்கா இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டார். “ஏனம்மணி, நான் அழுதேன்னு போட்டிருக்கறே? நான் எங்க அழுதேன்? வெயிலுக்குக் கண்ணு கூசுச்சு. அதை அடிச்சு உடு!” அடித்தேன். அன்றிலிருந்து சேர்ந்தே எழுதினோம். மதிய வியாபாரம் ஓய்ந்ததும் வரிவரியாக வாசிப்பேன். சரி என்றால் கட்டைவிரலை வைப்பார், இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும். “என்னைக் கேக்காம ஒரு எழுத்து சேக்கப்படாது, ஆமா.” அப்பப்பா, என் பேராசிரியர்கூட என்னை அப்படி வாட்டியதில்லை! ஆனால் அதில் உருப்படியானதெல்லாம் அவர் சொன்னதுதான். ஒரு நாள் வராவிட்டால் இடம் பறிபோய்விடும் என்று, காய்ச்சலோடு காலிக் கூடையைக் கொண்டுவந்து வைத்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடப்பதை எந்தப் புத்தகத்தில் படித்திருப்பேன்? பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். “எம்பேரு அச்சுல வரோணும். உம்பேருக்குப் பக்கத்துல.”

வரும் என்று வாக்குக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆய்வு நெறிமுறைக் குழுவில், தகவல் கொடுத்தவரின் பெயரை மறைக்க வேண்டும், அது அவருடைய பாதுகாப்புக்குத்தான் என்றார்கள். அவர் தகவல் கொடுத்தவர் இல்லை, எழுதியவர் என்றேன். அப்படியானால் எந்த நிறுவனம், என்ன படிப்பு, மின்னஞ்சல் என்ன என்று கேட்டார்கள். “பிடிவாதம் பண்ணாதீங்கம்மா, நன்றியில ஒரு வரி போட்டுடலாம்” என்று பேராசிரியர் பேச்சை முடித்தார். பட்டத்துக்குக் காத்துக்கிடந்தவள் நான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு உண்மையைச் சொல்லத்தான் போனேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “எங்க, எம்பேரைக் காட்டு” என்றார். கட்டுரை முழுக்க ஆங்கிலம். அந்த முகத்தைப் பார்த்ததும், ‘ஒரு தெரு வியாபாரிக்கு நன்றி’ என்ற வரியில் என் விரல் போய் நின்றது.

“இதானா?”

“ஆமாங்கக்கா.”

அதன்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். பிறகு பூக்காரி முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம், அதற்கடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று நான் ஒரு கல்லூரியில், மக்களோடு சேர்ந்து எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். வெட்கக்கேடு. போன மாதம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அக்காவின் மகள் நிற்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆயிற்று என்றாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அதே பிரதி. “மேடம், அம்மா பேரு இதுல எல்லி, எங்க இருக்கு? எத்தனையோ தடவ பாத்துட்டேன், காணல.” மறுபடியும் என் விரல் அந்த வரிக்கே போனது. படித்த பெண், நம்பவில்லை. பிரதியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இங்கேயாவது அக்காவின் பெயரை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினால், அவர் தெருவெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டது பொய் என்று அந்தத் தெருவுக்கே தெரிந்துபோகும். எழுதாவிட்டால் இரண்டாம் முறையும் நானே அவரை மறைத்தவளாவேன். எது சரி என்று அவரைக் கேட்க வழியில்லை. இந்த வரிகளையும் பழைய நோட்டிலேயேதான் எழுதியிருக்கிறேன். வாய்விட்டு வாசித்தும் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு ரேகையும் இல்லை.