ரெண்டு டிஸ்க் ஆரோக்கியசாமி

ஆரோக்கியசாமி அண்ணன் போயிட்டாராம்...

காலையில இண்டூர்ல இருந்து அவர் மருமகன் போன் பண்ணார். நம்பல. எங்க பழைய ஃபேக்டரி வாட்ச்மேனுக்குப் போட்டேன், அவரும் அதையேதான் சொன்னார்.

ஒருத்தர் சொன்னா இன்னொருத்தரையும் கேட்கிற இந்தப் புத்தி, அண்ணன்கிட்ட இருந்து ஒட்டிக்கிட்டதுதான்.

எண்பதுகளோட கடைசி. தருமபுரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி. கம்ப்யூட்டர் ரூம்ல நாங்க ரெண்டே பேர். சிஸ்டம் அவர் பொறுப்பு, டேட்டா என்ட்ரி நான்.

மனுஷன் எதையும் லேசுல நம்ப மாட்டார். பென்னாகரம் பஸ் போயிடுச்சான்னு கண்டக்டரைக் கேட்டுட்டு, பக்கத்துல பூக்காரம்மாவையும் கேட்பார்.

கம்ப்யூட்டரையும் அப்படித்தான் வெச்சிருந்தார். எந்த விவசாயி எவ்வளவு லோடு இறக்கினார்னு நான் அடிக்கிறது, ரெண்டு டிஸ்க்லயும் அச்சு அசலா பதிவாகும். இப்ப இதை RAID 1-ங்கிறாங்க. அப்ப எங்களுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது.

மேனேஜருக்குப் பொறுக்கல. "ஒரே கணக்கை எதுக்குங்க ரெண்டு தடவ எழுதணும்? பாதி பாதியா பிரிச்சு எழுதுங்க. இடமும் மிச்சம், வேகமும் கிடைக்கும்."

அதுக்கு இன்னிக்குப் பேரு RAID 0. அண்ணன் அசையல. "ரூபா நோட்டை ரெண்டா கிழிச்சு ரெண்டு பேருகிட்ட குடுக்கற மாதிரிங்க சார். ஒருத்தன் ஓடிட்டா மத்தவன்கிட்ட இருக்கற துண்டு எதுக்கு ஆவும்?"

பெங்களூர் இன்ஜினியர் வேற வழி சொன்னார். மூணாவதா ஒரு டிஸ்க் போட்டா, ஒண்ணு போனாலும் மத்த ரெண்டை வெச்சுக் கணக்குப் போட்டு எடுத்துடலாமாம்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "செத்தவன் என்ன சொன்னான்னு மத்த ரெண்டு பேரும் கூடிப் பேசிச் சொல்லுவாங்களாமா... நம்பிக்கிட்டு இருங்க."

கடைசியில மேனேஜர் கறாரா சொல்லிட்டார். திங்கக்கிழமை பிரிச்சாகணும், முடியாதுன்னா வேற வேலை பார்த்துக்கலாம்னு. ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சுக்கிட்டிருந்தார் அண்ணன். முகமே செத்துப்போச்சு.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு டிஸ்க் அவுட்!

நல்ல சீசன்... கேட்ல கம்பைநல்லூர் லாரிங்க வரிசையா நிக்குது. ஆனா இன்னொரு டிஸ்க்ல எல்லாம் பத்திரமா இருந்தது, வேலை நிக்கவே இல்ல. மேனேஜர் அப்புறம் பிரிக்கிற பேச்சையே எடுக்கல. அண்ணன் வேலையும் தப்பிச்சது.

ஆனா... அந்த நேரத்துல ரூம்ல இருந்தது அவர் ஒருத்தர்தான். சாப்பிடக்கூட வெளிய வரல.

டீக்கடையில கேட்டே கேட்டுட்டேன். "அண்ணா, நீங்கதான் ஏதாச்சும் பண்ணிட்டீங்களா?"

டீயைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தார். "மேனேஜர் கேக்கச் சொன்னாராம்மா, இல்ல நீங்களா கேக்கறீங்களா?"

டீக்காசைக் குடுத்துட்டு ரூமுக்குக் கிளம்பிட்டார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துல பார்த்தப்பவும் விடல நான், அதையே கேட்டேன். "அந்த மேனேஜர் இன்னும் உசுரோட இருக்காரா?"ன்னார். இல்லண்ணா, தவறிட்டாருன்னேன்.

"யாரு சொன்னா?"

போயிட்டு வாங்கண்ணா. இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணு போலவே சொல்லிட்டாங்க...

ஒருத்தர் சொன்னதாவது தப்பா இருந்திருக்கக் கூடாதா.