எட்டாத பொத்தான்

அந்தக் கழுத்துப்பட்டியை என் மனைவி பின்னத் தொடங்கியது 1973ஆம் ஆண்டு ஐப்பசியில். மாதத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இலங்கையில், ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த வாரம்தான் மழை பிடித்தது. பள்ளிக்கூடக் கூரை ஒழுகி, ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே மூலையில் உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கடைகளில் கம்பளி நூல் கிடைக்காத காலம் அது. என் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்து நேராக்கி, உருண்டைகளாகச் சுற்றினாள். உடைந்த குடையின் கம்பிகளைத் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டாள். வேலை எளிதுதான். நான்கு விரல் அகலத்தில் கழுத்தைச் சுற்றிவரும் ஒரு பட்டை. ஒரு முனையில் பொத்தான், மறு முனையில் துளை. துளைக்கு வரிசையின் நடுவே இரண்டு கண்ணிகளை மூடிவிட்டு, அடுத்த வரிசையில் அதே இடத்தில் புதிதாக இரண்டு ஏற்ற வேண்டும். முடித்து மாட்டியபோது, பொத்தான் போட்ட பிறகும் என் இரண்டு விரல்கள் தாராளமாக உள்ளே போயின.

அதன்பின் அதை அவள் கழற்றவேயில்லை என்றே சொல்லலாம். பனிக்குப் பயந்து தூக்கத்திலும் போட்டுக்கொண்டாள். நனைந்தால் மட்டும் கழற்றி, தோட்டத்தின் எல்லா லய வீடுகளிலும் செய்வதுபோல, அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் காயப்போடுவாள். அதுவரை சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொள்வாள்.

மார்கழியில் பொத்தான் துளைக்கு எட்டவில்லை.

பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா உடனே காரணம் சொன்னார். "அடுப்பு மேல வாட்டுனா கம்பளி சுருங்காம என்ன செய்யும் தங்கச்சி?" எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. பொத்தானைப் பிய்த்து, முனையை ஒட்டித் தைத்தாள். தை மாதத்தில் அதுவும் போதவில்லை. முனையில் ஒரு துண்டு பின்னிச் சேர்த்தாள். அக்கா சிரித்தார். "மாஸ்டர் வீட்டுச் சோறு எல்லாம் இவளுக்குக் கழுத்துலயேதான் சேருது!"

"உங்க கண்ணுதான்கா பட்டுருச்சு" என்று இவளும் சிரித்தாள்.

மாசிக் கடைசியில் பண்டாரவளையில் அவள் தங்கைக்குக் கல்யாணம். அதற்காகவே, மீதி நூலில் தை மாதமே இன்னொரு பட்டி பின்னி, போட்டுப் பார்த்து, டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். புறப்படும் நாள் காலையில் அதை எடுத்தாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. இந்தப் பொத்தானப் போட்டு விடுங்க."

பின்னால் நின்று இழுத்தேன். இரண்டு முனைகளும் சேரவில்லை.

தலையில் வைக்கப் பூ கொண்டுவந்திருந்த அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்: "இதையும் வாட்டிட்டியா?"

"இல்லக்கா. இது இன்னும் தண்ணியே பார்க்கல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் பட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் தொண்டையில் கை வைத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு, கல் போல ஏதோ ஒன்று.

"எச்சில் முழுங்கு."

விழுங்கினாள். அது என் விரல்களுக்கு அடியில் ஏறி இறங்கியது. அக்கா பூவோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பண்டாரவளை ரயிலில் ஏற வேண்டியவர்கள் பதுளை பஸ்ஸில் ஏறினோம். பழைய பட்டியைத்தான் அவள் கழுத்தில் சுற்றியிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். அவள் தெரியாது என்றாள். நான் பட்டியை வாங்கி மேசையில் விரித்தேன். பொத்தான் இருந்த இடங்களில் பழைய தையல் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இது ஐப்பசி, இது மார்கழி, இந்தத் துண்டு தை என்று காட்டினேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, தன் விரலை அந்த இடைவெளிகளில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு வேகமாவா?"

அன்றே அவளைப் படுக்கையில் சேர்த்தார்கள். உடுமாற்றுத் துணிகூட நாங்கள் கொண்டுபோகவில்லை; கல்யாணச் சேலையோடுதான் வார்டுக்குள் போனாள். அந்த வாரமே கட்டியை அறுத்து எடுத்தார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலை அவள் கட்டிலருகே நின்று, ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "என்னங்க" என்று கரகரப்பான ஒரு குரல் கேட்டது. வயதான ஆண்பிள்ளையின் குரல் போல இருந்தது. பின்னால் யார் நிற்பது என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

நான் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

"நான்தாங்க" என்றாள்.